பள்ளம் தோண்டாமல் குழாய் பதித்தல்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் நம் கல்லூரி வாயிலுக்கு எதிரே, நெடுஞ்சாலையோரத்தில், மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று பத்து நாட்கள் நின்றிருந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சங்கிலிச் சக்கரங்களின் மேல் சாய்வாக அமர்ந்து, ஓர் இரும்புக் கம்பியை மண்ணுக்குள் சாய்வாகச் செலுத்திக்கொண்டிருந்தது அது. "போர் போடுகிறார்கள், விடுதியின் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்தது" என்று விடுதி நண்பர்கள் சிலர் மகிழ்ந்தார்கள். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஆழ்துளைக் கிணற்றின் கம்பி நேர் கீழே இறங்கும். இந்தக் கம்பியோ சாய்ந்து இறங்கி, பின் படுத்து, சாலைக்கு அடியிலேயே நடந்து, எண்பது மீட்டருக்கு அப்பால் பேருந்து நிறுத்தத்துக்கு அருகே தலையை நீட்டியது. தார்ச் சாலையில் ஒரு கீறல் இல்லை. பேருந்துகள் வழக்கம் போலவே தாமதமாக வந்தன. அதற்கு இயந்திரம் காரணமன்று.

எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் தனியானதோர் அக்கறை உண்டு. என் தந்தையார் முப்பது ஆண்டுகளாகப் பள்ளம் தோண்டும் தொழிலாளி. தொலைபேசிக் கம்பியாயினும், குடிநீர்க் குழாயாயினும், மின்சாரக் கேபிளாயினும், அவை மண்ணுக்குள் போவதற்குமுன் கடப்பாரையும் மண்வெட்டியும் போக வேண்டும். கூலி மீட்டர் கணக்கு. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான்; அந்தப் படி மீட்டர் கணக்கில் தோண்டிய மண்ணால் ஆனது. பள்ளமே இல்லாமல் குழாய் பதிக்கும் இயந்திரம் ஊருக்கு வந்தால், அதை எங்கள் வீட்டில் எப்படி நோக்குவார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் வகுப்பு முடிந்ததும் நாள்தோறும் அங்கே போய் நின்றேன். இயந்திரத்தை இயக்கியவர் திருச்செங்கோட்டுப் பக்கத்தைச் சேர்ந்தவர். முன்பு ஆழ்துளைக் கிணற்று வண்டியில் இருந்தவர். சலிக்காமல் விடை சொன்னார். அவரிடம் கேட்டதையும், நூலகத்தில் படித்ததையும், நம் துறைப் பேராசிரியர் திருத்தித் தந்த கணக்குகளையும் சேர்த்து எழுதியதே இக்கட்டுரை.

இம்முறையின் பிறப்பிடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அங்கே மார்ட்டின் செரிங்டன் என்னும் ஒப்பந்தக்காரர், எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் துளையைத் திசை திருப்பும் வித்தையைச் சாலைப் பணியோடு இணைத்தார். 1971-இல் வாட்சன்வில் நகருக்கு அருகே பஜாரோ ஆற்றின் அடியில், ஏறத்தாழ 600 அடி நீளத்துக்கு, 4 அங்குல எஃகு எரிவாயுக் குழாயை இவ்வாறு பதித்ததே முதல் ஆற்றுக் கடப்பாகக் கூறப்படுகிறது. 2010-களின் இறுதியில் ஹாங்காங் விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதைப் பணியின்போது, விமான எரிபொருள் குழாய்களுக்காகக் கடலுக்கு அடியில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் துளையிட்டிருக்கிறார்கள். இப்போது நம் சாலைகளிலும் இணையக் கம்பிக்காக இவ்வியந்திரம் நிற்கிறது. பணியிடத்தில் 'எச்.டி.டி.' என்கிறார்கள். 'கிடைமட்டத் திசைதிருப்புத் துளையிடல்' என்று தமிழாக்கிப் பார்த்தேன், இயக்குபவர் சிரித்தார். ஆகவே எச்.டி.டி. என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 100 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்தால் வெளிவரும் மண் 75 கன மீட்டர். கன மீட்டர் ஒன்றுக்கு 1.6 டன் என்று குறைவாகக் கொண்டாலும் 120 டன். இதைத் தோண்டி மேலே எறிந்து, குழாயை வைத்தபின் மறுபடியும் உள்ளே தள்ள வேண்டும். பதிக்கப்போவதோ 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய். அதற்குக் குழாயைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை போதும். அந்தத் துளையின் கொள்ளளவு 1.77 கன மீட்டர்தான். மீதமுள்ள எழுபத்து மூன்று கன மீட்டரும் மனிதன் உள்ளே இறங்கி நிற்பதற்காக வெட்டப்பட்ட மண். இதை என் தந்தையாரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அந்த எழுபத்து மூணுலதான் தம்பி நம்ம சோறு இருந்துச்சு" என்றார்.

மண்ணுக்குள் சுக்கான்

இயந்திரத்தின் வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் மெல்லிய வழிகாட்டித் துளை. பிறகு அதை அகலப்படுத்துதல். இறுதியில் குழாயை இழுத்துச் செருகுதல். இவற்றுள் வியப்புக்குரியது முதலாவதே.

துளைமுனையின் முகம் வாத்தின் அலகைப் போல ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. அதைச் சுழற்றிக்கொண்டே தள்ளினால், சரிந்த முகத்தை மண் எல்லாத் திசைகளிலும் மாறி மாறித் தள்ளும். ஒரு முழுச் சுற்றில் பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முனை நேரே போகும். சுழற்சியை நிறுத்திவிட்டு வெறுமனே தள்ளினாலோ, மண்ணின் எதிர்விசை ஒரே பக்கமாக விழும். முனை அத்திசையில் வளையும். திருப்பவேண்டிய திசையைக் கடிகார முகத்தைக் கொண்டு சொல்கிறார்கள். 'பன்னிரண்டு மணி' என்றால் மேலே, 'ஆறு மணி' என்றால் கீழே, 'மூன்று' வலம், 'ஒன்பது' இடம். "மூணு மணிக்கு ரெண்டடி தள்ளு" என்று ஒருவர் கூவ, மற்றவர் தள்ளுகிறார். நியூட்டனின் மூன்றாம் விதியை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் இரும்புக் கம்பி இஷ்டம்போல் வளையாது. சிறிய இயந்திரங்களின் கம்பிக்கே சுமார் முப்பது மீட்டர் ஆரமுள்ள வளைவு தேவை. பெரிய எஃகுக் குழாய்களுக்கு, விட்டத்தைப் போல் 1,200 மடங்கு ஆரம் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. 300 மில்லிமீட்டர் குழாய்க்கு 360 மீட்டர். ஆகையால் குறுக்கே ஏதேனும் இருப்பது கடைசி நிமிடத்தில் தெரியவந்தால் விலகிப்போக வழியில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, கண்ணுக்குத் தெரியாத முனை எங்கே இருக்கிறது, அதன் முகம் எத்தனை மணியைக் காட்டுகிறது என்பதை எப்படி அறிவது? முனைக்குப் பின்னாலுள்ள கூட்டில் மின்கலத்தோடு கூடிய சிறு அலைபரப்பி இருக்கிறது. 'சோண்ட்' என்பது அதன் பெயர். அதிலுள்ள கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்ந்து, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. சாலையின் மேல் ஒருவர் 'லொக்கேட்டர்' என்னும் கருவியைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். அதன் சுருள்களில் அந்தப் புலம் மின்னியக்கு விசையைத் தூண்டுகிறது. ஆம், நாம் இரண்டாம் பருவத்தில் எழுதித் தள்ளிய ஃபாரடே விதிதான்!

காந்த இருமுனையின் புலம் தொலைவின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஒரு மீட்டரில் உள்ளது இரண்டு மீட்டரில் எட்டில் ஒன்றாகும். மூன்று மீட்டரில் இருபத்தேழில் ஒன்று. நம்மில் பலர் இதை மின்விசையின் இருபடி விதியோடு குழப்பி மதிப்பெண் இழந்திருக்கிறோம். இங்கே அப்படிக் குழப்பினால் குடிநீர்க் குழாய் உடையும். வேலை தொடங்குமுன் முனையைத் தரையில் கிடத்தி, மூன்று மீட்டர் தள்ளி லொக்கேட்டரை வைத்து, அங்கே கிடைக்கும் புல வலிமையை அளவுகோலாகப் பதிந்துகொள்கிறார்கள். பிறகு மண்ணுக்குள்ளிருந்து வரும் வலிமையை அதோடு ஒப்பிட்டால் ஆழம் கிடைத்துவிடுகிறது. முனையின் சாய்வையும் கடிகார நிலையையும் சோண்டுக்குள் இருக்கும் முடுக்கமானிகள் புவியீர்ப்பைக் கொண்டு உணர்ந்து, அதே அலையில் ஏற்றி மேலே அனுப்புகின்றன. சோண்டின் வெப்பநிலையும் வருகிறது. உராய்வில் சூடேறினால் கருவி கெட்டுவிடும் அல்லவா!

இக்கருவி ஏமாறுவதும் உண்டு. அருகே மின்சாரக் கேபிள் ஓடினால் அதன் புலமும் கலக்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வலை புலத்தைச் சிதைக்கும். ஆற்றின் நடுவே போகும்போது மேலே நடக்கவும் முடியாது. அப்போது துளைக்கம்பியின் உள்ளே மின்கம்பி செலுத்தி, முனையருகே காந்தமானிகளை வைத்து, பூமியின் காந்தப்புலத்தையே திசைகாட்டியாகக் கொள்கிறார்கள்.

களிமண் கரைசல்

இயந்திரத்தின் அருகே ஒரு தொட்டியில் சாம்பல் நிறக் கரைசலைக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள். அது பென்டோனைட் என்னும் களிமண்ணும் நீரும். நம் நாட்டில் கட்ச், பார்மேர் பகுதிகளில் வெட்டியெடுக்கப்படுகிறது. கம்பியின் உள்ளே பாய்ந்து முனையின் துவாரங்களில் பீறிடும் இக்கரைசல் மண்ணை அறுக்கிறது, சூட்டைத் தணிக்கிறது, வெட்டிய மண்ணைச் சுமந்துகொண்டு துளை வழியே திரும்புகிறது, துளையின் சுவரில் மெல்லிய தோலாகப் படிந்து அது சரியாமல் பிடிக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. கலக்கிக்கொண்டே இருந்தால் இது நீரைப் போல ஓடும். கலக்குவதை நிறுத்தினால் கூழைப் போல உறையும். மறுபடி கலக்கினால் மறுபடி ஓடும். பென்டோனைட்டின் துகள்கள் நுண்ணிய தகடுகள். அசையாமல் விட்டால் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, சீட்டுக்கட்டு வீடு போல நின்றுவிடுகின்றன. புதுக் கம்பி மாட்ட இயந்திரம் சற்று நின்றாலும், வெட்டிய மண் அடியில் போய்ப் படியாமல் அப்படியே தொங்குவது இதனால்தான். நம்மூர் உப்புத் தண்ணீரை நேராக ஊற்றினால் பென்டோனைட் சரியாகப் பருக்காது. நீரிலுள்ள கால்சியம் அத்தகடுகளை இறுகப் பிடித்துக்கொள்கிறது. முதலில் சலவைச் சோடாவைப் போட்டுக் கால்சியத்தைச் சுண்ணாம்பாக வீழ்த்திவிட்டு, அப்புறம்தான் களிமண்ணைக் கொட்டுகிறார்கள். வேதியியல் துறை நண்பர் ஒருவரை அழைத்துப்போய்க் காட்டினேன். "எங்கள் பாடமும் இங்கே இருக்கிறது" என்று அவர் மார்தட்டிக்கொண்டார்.

வழிகாட்டித் துளை மறுமுனைக்கு வந்ததும் துளைமுனையைக் கழற்றி, 'ரீமர்' என்னும் அகலமான வெட்டியைப் பொருத்திப் பின்னோக்கி இழுத்துத் துளையைப் பெரிதாக்குகிறார்கள். கடைசி இழுப்பில் ரீமருக்குப் பின்னால் குழாயையும் கட்டிவிடுகிறார்கள். இடையில் ஒரு சுழல் இணைப்பு இருப்பதால் ரீமர் சுற்றினாலும் குழாய் முறுக்கிக்கொள்வதில்லை.

இழுப்பதில் என்ன கடினம் என்று நினைக்கலாம். 200 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள கனத்த பாலிஎத்திலீன் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மீட்டருக்கு எடை சுமார் 10 கிலோ. அது இடம்பெயர்க்கும் கரைசலின் எடையோ மீட்டருக்கு 34 கிலோவுக்கு மேல். ஆர்க்கிமிடீஸ் சும்மா இருப்பாரா? மீட்டருக்கு 24 கிலோ விசையோடு குழாய் மேலெழும்பித் துளையின் கூரையில் ஒட்டிக்கொண்டு உராய்கிறது. நூறு மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை டன்! இதற்கு மருந்து எளிது. குழாய்க்குள் தண்ணீரை நிரப்பிவிட்டால் மீட்டருக்கு 21 கிலோ கூடி, மேலெழும்பும் விசை மூன்று நான்கு கிலோவாகச் சுருங்கிவிடும். குழாயை எளிதாக இழுப்பதற்காக அதன் எடையைக் கூட்டுகிறார்கள் என்பதை முதலில் நான் நம்பவில்லை. கணக்குப் போட்டபின்தான் நம்பினேன். வளைவுகளில் உராய்வு பெருக்கல் கணக்கில் ஏறும். முரட்டுக் காளையின் கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிறுவன்கூடப் பிடித்து நிற்கிறானே, அதே கணக்கு. உராய்வுக் கெழு 0.3 என்றால், முழுச் சுற்று ஒன்றுக்கு இழுவிசை ஆறரை மடங்கு. துளையில் மொத்த வளைவு 24 பாகையளவே என்பதால் பதின்மூன்று விழுக்காட்டோடு தப்புகிறோம்.

இம்முறை எல்லா இடத்துக்கும் ஏற்றதன்று. உருண்டைக் கற்கள் நிறைந்த மண்ணில் முனை வழுக்கி ஓடும், துளையும் நிற்காது. நுட்பமான வாட்டம் தேவைப்படும் சாக்கடைக் குழாய்க்கு இந்தத் துல்லியம் பெரும்பாலும் போதாது. கரைசலின் அழுத்தம் மிகுந்தால் மண்ணைப் பிளந்துகொண்டு சாலையிலோ ஆற்றிலோ பீறிடும்.

கீழே ஏற்கெனவே இருப்பவை

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து, மண்ணுக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் குழாய்களும் கேபிள்களும். 1976 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கெனோஷா என்ற ஊரில் ஒரு வீடு வெடித்துச் சிதறியது. இருவர் மாண்டனர், நால்வர் காயமுற்றனர். அந்த வீட்டில் எரிவாயு இணைப்பே கிடையாது! முன்பு எரிவாயுக் குழாய்க்காக மண்ணைத் துளைத்தபோது, குறுக்கே இருந்த கழிவுநீர்க் குழாயைத் துளைத்து, அதனூடேயே பிளாஸ்டிக் குழாயைச் செருகிச் சென்றுவிட்டார்கள். பள்ளம் இல்லாததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. பின்னாளில் சாக்கடை அடைப்பை எடுக்கச் செலுத்திய கருவி எரிவாயுக் குழாயை அறுத்தது. கசிந்த வாயு கழிவுநீர்க் குழாய் வழியே வீட்டுக்குள் புகுந்தது. திசை திருப்பும் இயந்திரத்துக்கும் இந்த ஆபத்து பொதுவே. சோண்ட் தான் இருக்கும் இடத்தைச் சொல்லும்; தன் எதிரே இருப்பதைச் சொல்லாது.

பள்ளம் தோண்டுவதிலும் ஆபத்துக்குக் குறைவில்லை. நான் ஏழாம் வகுப்புப் படிக்கையில், ஏழடிப் பள்ளத்தில் நின்ற என் தந்தையார் மீது கரை சரிந்தது. மார்பளவு மண். அவ்வளவுதானே என்று எண்ணக் கூடாது. மூச்சை விடும்போது மார்பு சுருங்கும். சுருங்கிய இடத்தில் மண் இறங்கும். அடுத்த மூச்சுக்கு மார்பு விரிய இடமிருக்காது. உடனிருந்தவர்கள் கையாலேயே வாரி எடுத்து மீட்டார்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமானால் பலகை கட்டிக் கரையைத் தாங்க வேண்டும் என்பது விதி. அந்தக் காண்டிராக்டர் பலகைக்குச் செலவழிக்கவில்லை. இடது முழங்கால் இன்றும் மழைக்காலத்தில் வலிக்கிறது. ஆகவே பள்ளமில்லா முறையை வெறுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. பத்துப் பேர் போன வேலைக்கு இப்போது இருவரைத்தான் அழைக்கிறார்கள் என்பதை மறக்கவும் முடியவில்லை.

அந்த இருவரை எதற்கு அழைக்கிறார்கள்? சோதனைக் குழி தோண்ட. துளை எங்கெங்கே பழைய குழாயைக் கடக்கிறதோ, அங்கெல்லாம் கையால் குழி எடுத்துக் குழாயைக் கண்ணால் பார்த்துவிட்டே முனையைச் செலுத்த வேண்டும். பொக்லைனை விட்டால் அதுவே குழாயை உடைத்துவிடும். நம் கல்லூரி வாயிலிலும் அவ்வாறே செய்தார்கள். வந்தவர் என் தந்தையார்.

வரைபடத்தில் குடிநீர்க் குழாய் சாலையோரமாக நேர்கோட்டில் இருந்தது. இயக்குபவர் அதன்படி சுண்ணாம்பால் குறி போட்டிருந்தார். அப்பா குறியைப் பார்த்தார். வாயிலுக்கு அருகேயிருந்த புளியமரத்தைப் பார்த்தார்.

"இங்க இல்லீங்க. அந்தாண்ட பாறை இருந்துச்சு. வளைச்சுத்தான் போட்டோம். ஆறடி தள்ளி இருக்கும்."

"வரைபடத்துல நேரா இருக்கே அண்ணே?"

"வரைஞ்சவங்க பள்ளத்துல இறங்கலியே."

இயக்குபவர் மறுக்கவில்லை. அப்பா சொன்ன இடத்தில் குழி தொடங்கியது. அவர் கடப்பாரையை ஓங்கிக் குத்தமாட்டார்; பிடியைத் தளர்த்தி, இறக்கி, ஒலியைக் கேட்பார். ஒருமுறை தோண்டி மூடிய மண் மந்தமாக ஒலிக்குமாம். மணலும் செங்கலும் தென்பட்டால் கீழே மின்சாரக் கேபிள். அங்கே கை நின்றுவிட வேண்டும். நான்கடி இறங்கியதும் நிறுத்தி, பலகை கேட்டார். பலகை வரும்வரை வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்தார். பலகை வந்தது, நான்கு பக்கமும் கட்டியபின் மறுபடி இறங்கினார். 1.2 மீட்டரில் குழாயின் முதுகு தெரிந்தது. குழாயின் அடியிலும் வாரியெடுத்து, இரண்டு மீட்டர் வரை குழியை இறக்கிவிட்டு மேலே வந்தார்.

மறுநாள் மாலை அந்தக் குழியோரம் நின்றோம். லொக்கேட்டர் பிடித்தவர் எங்களை நோக்கி அடி அடியாக நடந்து வந்தார். குழியின் ஒரு பக்கச் சுவர் முதலில் ஈரமாயிற்று. பிறகு சாம்பல் நிறச் சேறு வழிந்தது. பிறகு வாத்து அலகு போன்ற அந்த முனை மண்ணைத் தள்ளிக்கொண்டு, குடிநீர்க் குழாயின் கீழே ஒரு முழ இடைவெளியில் எட்டிப் பார்த்தது. இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்கள். லொக்கேட்டர் 1.82 மீட்டர் என்று காட்டியது. அப்பா அளவு நாடாவின் நுனியில் கல்லைக் கட்டிக் கீழே விட்டார்.

"ஒண்ணு எம்பத்தஞ்சு" என்றார்.

"மூணு சென்டிதானே அண்ணே" என்றார் இயக்குபவர்.

அப்பா நாடாவைச் சுற்றி என் கையில் கொடுத்தார். இயந்திரம் மறுபடி சுழன்றது. முனை எதிர்ச் சுவருக்குள் நுழைந்து மறைந்தது. அவர் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, மண்ணைத் தள்ளத் தொடங்கினார்.